தெரியாத நம்பர் வந்தால் எடு

என் செல்ல மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் அக்காவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, சளி இருமல் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் 'மீட்டிங்மா, அப்புறம் கூப்பிடுறேன்' என்று வைத்துவிடுகிறாய், உன் அப்புறம் வருவதற்குள் நான் சொல்ல வந்ததே மறந்துபோகிறது. கடிதத்தை நடுவில் துண்டிக்க முடியாது, அதனால் கடைசி வரைக்கும் படி.

முதலில் அக்கா. ஏழாம் மாதம் நடக்கிறது, சாயங்காலமானால் கால் வீங்குகிறது, மற்றபடி எல்லாம் சரியாக இருப்பதாக டாக்டரம்மா சொன்னார். மாப்பிள்ளைக்கு வேலை வெளியூரில், அதனால் செக்கப்புக்கு அப்பாதான் கூட்டிப்போகிறார், நீ செகண்ட்ஹேண்டில் வாங்கி இங்கே விட்டுப்போன காரில். பின்னால் உட்கார்ந்தால் அவளுக்குக் குமட்டுகிறதாம், முன் சீட்டில் முதுகுக்குத் தலையணை வைத்து மகாராணியாக உட்காரவைத்து, நடந்து போகிறவர்கள் முந்திக்கொண்டு போகும் வேகத்தில் ஓட்டுவார். அந்தக் காரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். பதறாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

என் வேலை என்னவென்று நீ ஒருநாளும் ஒழுங்காகக் காதில் வாங்கியதில்லை, இப்போதாவது கேள். கார் கம்பெனி ஏதாவது பாகத்தைத் தப்பாகச் செய்துவிட்டால், வண்டியைக் கொண்டு வாருங்கள், இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று எல்லோருக்கும் கடிதம் போடும். கடிதம் போய்ச் சேர்ந்தால்தானே? வண்டி கைமாறியிருக்கும், வீடு மாறியிருப்பார்கள், பாதிக் கடிதம் திரும்பி வந்துவிடும். அதனால் அப்படி விட்டுப்போனவர்களைத் தேடிப்பிடித்து விஷயத்தைச் சொல்வதற்கென்றே அரசாங்கம் எங்கள் வண்டிப் பதிவு அலுவலகத்துக்கு நிதி கொடுத்தது. அந்தப் பணத்தில்தான் மாடியில் ஒரு அறையும், சில போன்களும், நாங்கள் ஐந்தாறு பெண்களும். காலையிலிருந்து சாயங்காலம் வரை கூப்பிடுவதுதான் வேலை, திட்டு வாங்குவதும் அதிலேயே சேர்த்தி. அரசாங்க ஆபீஸிலிருந்து பேசுகிறோம் என்றால் ஒருத்தரும் நம்புவதில்லை. 'உங்களுக்கு வேற ஆளே கிடைக்கலையா' என்கிறார்கள், 'போலீஸ்ல சொல்லவா' என்கிறார்கள், பாதிப் பேர் வணக்கம் சொல்லும்போதே வைத்துவிடுகிறார்கள். உயிர் போகிற விஷயத்தை ஓசியில் சொன்னாலும் கேட்க ஆளில்லையே என்று தினமும் அப்பாவிடம்தான் புலம்புவேன், அவரும் உச்சுக்கொட்டிக் கேட்பார்.

அதே அப்பாவுக்கு நான் என்ன சொல்லிவைத்திருந்தேன் தெரியுமா? எதிர்வீட்டுக்காரி ஒரு போனை நம்பிப் பேசி ஏமாந்துபோனாளே, அன்றிலிருந்து, தெரியாத நம்பர் வந்தால் எடுக்காதீங்க, எடுத்தாலும் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டு வைத்துவிடுங்க என்று. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவருக்குப் பொழுது போக வேண்டாமா, அதையே ஒரு வேலையாக எடுத்துக்கொண்டார். போன வாரம் திங்கட்கிழமை ராத்திரி சாப்பிடும்போது கையை ஆட்டி நடித்தே காட்டினார். எவளோ ஒருத்தி கார், அரசாங்கம் என்று விடாமல் கூப்பிட்டாளாம், 'ஏம்மா, நீ செய்யற வேலை உன்னைப் பெத்தவளுக்குத் தெரியுமா, தெரிஞ்சா சோறு போடுவாளா' என்று கேட்டுப் பட்டென்று வைத்தாராம். நானும் அக்காவும் புரையேறச் சிரித்தோம், எங்கள் ஆபீஸ் போனாக இருக்கும் என்று எனக்கே தோன்றவில்லை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை மதியம் டப்பாவைத் திறந்துவைத்து எல்லோரும் உட்கார்ந்திருக்கிறோம், எங்கள் அறையில் ஒரு சின்னப் பெண் இருக்கிறாள், குரல் அவ்வளவு இனிமை, குயில் என்றுதான் கூப்பிடுவோம், அவள் சாப்பிடாமல் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னடி என்றால், நேற்று ஒரு பெரியவர் மூன்று தடவை வைத்துவிட்டார், கடைசியில் உன்னைப் பெத்தவளுக்குத் தெரியுமா, தெரிஞ்சா சோறு போடுவாளா என்று கேட்டுவிட்டார் என்று சொல்லி அழுதுவிட்டாள். அவள் அம்மா தவறி இன்னும் வருஷம் திரும்பவில்லை. நான் டப்பாவை மூடிவைத்தேன். வண்டி யார் பெயரில் என்று கேட்டேன். கையைக்கூடத் துடைக்காமல் கம்ப்யூட்டர் திரையில் காட்டினாள். உன் பெயர். நீ அப்பாவிடம் விட்டுப்போன உன் பழைய நம்பர். கோளாறு முன் சீட் ஏர்பேக்கில். சின்னதாக எங்கேயாவது மோதினாலும் போதும், பை விரியும்போது உள்ளே இருக்கிற இரும்புக் கூடு உடைந்து அங்கே உட்கார்ந்திருப்பவர் மேல் தெறிக்குமாம். அன்றைக்கு அக்காவுக்குச் செக்கப்.

ஆபீஸ் போனிலிருந்து கூப்பிட்டேன், உடனே கட். மறுபடியும் கூப்பிட்டேன், மறுபடியும் கட். என் போன் கீழே லாக்கரில், மேலே கொண்டுபோகக் கூடாது என்பது சட்டம். படியில் விழுந்தடித்து இறங்கி அதை எடுத்துக் கூப்பிட்டால் அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுக்கவில்லை. அதற்குள் வண்டியைக் கிளப்பியிருக்க வேண்டும், ஓட்டும்போது என் நம்பர் வந்தாலும் உன் அப்பா போனைத் தொடமாட்டார், தெரியுமல்லவா. ஆஸ்பத்திரிக்குப் போட்டேன், இப்போதான் கிளம்பினாங்கம்மா என்றார்கள். வாடகை வண்டி பிடித்து வீட்டு வாசலுக்கு வந்து நின்றேன். அந்த நேரத்தில் நான் நினைத்ததையெல்லாம் எழுதமாட்டேன். தெருமுனையில் கார் திரும்பியது, முன் சீட்டில் தலையணையோடு உன் அக்கா, என்னைப் பார்த்துக் கையாட்டுகிறாள். அவளை இறக்கி உள்ளே அனுப்பிவிட்டு, நடுத்தெரு என்றுகூடப் பார்க்காமல் உன் அப்பாவைத் திட்டித் தீர்த்துவிட்டேன்.

அவர் சாவியை என் கையில் கொடுத்தார். 'முப்பது வருஷம் பஸ் ஓட்டினேன், ஏறினவங்கள ஏறின மாதிரியே இறக்கிவிட்டேன்' என்று மட்டும் சொன்னார். அப்புறம் அந்த முன் சீட்டில் போய், கதவைத் திறந்துபோட்டுக்கொண்டு, விளக்கு வைக்கும் நேரம் வரை உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டுப் பார்த்தேன், வரவில்லை. எனக்கும் கோபம் போய் அழுகை வந்துவிட்டது. அவரைச் சொல்லி என்ன, பழக்கிவிட்டதே நான்தானே.

இப்போது கார் வாசலில் சும்மா நிற்கிறது, அக்கா வாடகை வண்டியில் போகிறாள். மாற்றுப் பாகம் இன்னும் வரவில்லை, காத்திருங்கள் என்கிறார் சர்வீஸ்காரர். அப்பா வருகிற போனையெல்லாம் எடுக்கிறார். கடன் வேண்டுமா, மனை வேண்டுமா என்று எவன் பேசினாலும் முழுசாகக் கேட்டுவிட்டு, 'வண்டி விஷயம் ஒண்ணும் இல்லையே' என்று கேட்டுத்தான் வைக்கிறார். அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எங்கள் ஆபீஸ் நம்பருக்குப் போட்டுப் போட்டுப் பார்த்தார், அதற்கு வெளியிலிருந்து கூப்பிட முடியாது. கடைசியில் நான் சொல்லிக் குயில் நாலாவது தடவை கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்து, 'சொல்லும்மா' என்றாராம், அவள் பேசி முடிக்கும் வரை வைக்கவில்லையாம்.

இதில் இன்னொரு இடி. இந்த மாசக் கடைசி வெள்ளிக்கிழமையோடு நிதி முடிகிறது. மேலிடத்துக்கு எழுதியிருக்கிறோம், பார்க்கலாம் என்கிறார் அதிகாரி, அந்தப் பார்க்கலாமுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். எனக்கு வேலை போனால் போகட்டும், குயிலுக்கு வேறு இடம் பார்த்துவிடலாம். இன்னும் கூப்பிடாத பெயர்கள் அவ்வளவு இருக்கிறதே, அவர்களுக்கு யார் சொல்வார்கள்? ராத்திரி படுத்தால் எல்லா முன் சீட்டிலும் உன் அக்காதான் தெரிகிறாள். யாரிடம் போய் முறையிடுவது சொல்.

நீ அங்கே வாங்கியிருப்பதும் இன்னொருவர் ஓட்டிய கார்தான். கம்பெனி கடிதம் போட்டிருந்தாலும் அது அந்த முதல் ஆளின் வீட்டுக்குத்தான் போயிருக்கும். இதைப் படித்து முடித்ததும் வண்டி நம்பரை எடுத்துக்கொண்டு நேரில் போய் விசாரி, நாளைக்கு என்று தள்ளாதே. தெரியாத நம்பரை எடுக்காமல் வைக்கிற குணம் உனக்கும் உண்டு, அதுவும் நான் சொல்லிக்கொடுத்ததுதான். இனிமேல் அதை விட்டுவிடு ராசா.

நீ நூறு வருஷம் நல்லபடியாக இருக்க வேண்டும், நீ ஏறும் வண்டியெல்லாம் உன்னைப் பத்திரமாக இறக்கிவிட வேண்டும், அதுதான் எங்கள் ஆசீர்வாதம். கடைசி நாள் சாயங்காலம், ஹெட்போனைக் கழற்றி வைப்பதற்கு முன்னால், ஆபீஸ் போனிலிருந்து உன்னைத்தான் கூப்பிடப் போகிறேன். அதிகாரி திட்டினால் திட்டட்டும். உன் போனில் அது தெரியாத நம்பராகத்தான் வரும். எடு.

உன் அம்மா