சுவரைப் பார்த்துப் படுக்காதீர்கள்

கதிர்காமத்து முருகன் துணை

மேற்பிரிவு, ஹாலிஎல
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள விதுஷா அப்பாவுக்கு,

இன்று காலை நம் வீட்டில் இருந்தவர்கள் நான், உங்கள் அம்மா, விதுஷா, பக்கத்துக் காம்பரா பவுலினா அக்கா, பிறகு கட்டாரில் உங்கள் அறையிலேயே தங்கும் ஹாஷிம் நானா. லீவு முடிந்து திரும்புமுன் எங்களைப் பார்த்துவிட்டுப் போக வந்தார். நீங்கள் போனை எடுப்பதில்லை. அதனால் இதை அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

உங்கள் அம்மா தேத்தண்ணி ஊற்ற எழுந்து போனதும்தான் அவர் வாயைத் திறந்தார். “தங்கச்சி, கஜேந்திரன் வேலைய விட்டா கட்டிலு, கட்டில விட்டா வேலை. சாப்பாடும் சரியில்ல. லீவு நாள்லயும் செவுத்தப் பாத்துத்தான் படுத்திருக்கான்” என்றார்.

அது என்னவென்று எனக்குத் தெரியும். பிள்ளை வயிற்றிலேயே போனபின் நானும் அப்படித்தான் கிடந்தேன். நீங்கள் அங்கே தவித்துப் போவீர்கள் என்று, நான் கிடந்த கிடையை உங்களிடம் யாரும் சொல்லவில்லை. காத்துக் கருப்பு அண்டிவிடும் என்று உங்கள் அம்மா என் கையில் கயிறு கட்டி, வாசல் தாண்டக் கூடாது என்றார். பாசத்தில்தான் செய்தார். ஆனால் மூடிய காம்பராவுக்குள் எனக்கு இன்னும் இருட்டிக்கொண்டு வந்தது. விளக்கேற்றக்கூடக் கை எழவில்லை. முருகனோடு பேச்சே நின்றுபோனது.

ஒருநாள் பவுலினா அக்கா வந்து கூடையை என் முன்னால் போட்டார். “என்னடி, செவுரு பதில் சொல்லுதா ஒனக்கு? கொழுந்து பறிக்க ஆள் பத்தலயாம், அன்னன்னைக்கே கைக்காசு குடுக்கிறாங்க. எந்திரி!” உங்கள் அம்மா குறுக்கே வந்து நின்றார். “போய்ட்டு வரட்டும் பெரியம்மா. ஏதாச்சும் அடிச்சா என்னையும் சேத்து அடிக்கட்டும்” என்று சொல்லி அக்கா என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

முதல் நாள் பறித்ததைவிட அழுததுதான் அதிகம். தேயிலை மலையில் யாரும் அதை விசாரிக்கவில்லை. ஏறி இறங்கி மூச்சு வாங்கியதில் இரவு பசித்தது. போகப்போகத் தூக்கமும் வந்தது. பதுளை கிளினிக் டாக்டரம்மா, மாத்திரையையும் விடாதே, மலைக்குப் போவதையும் விடாதே என்றார். துக்கம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். அதோடு நடக்க முடிகிறது. மறுபடி வீட்டுக் கணக்கு எழுதுகிறேன், விளக்கும் ஏற்றுகிறேன்.

அந்தப் பிள்ளை உங்களுக்கும் பிள்ளைதானே. எனக்கு அழ இந்த மலை இருந்தது. உங்களுக்கு அங்கே குளிர்க் கிடங்கு வேலையும் கட்டிலும்தான். வெயில் தாழ்ந்ததும் ஹாஷிம் நானாவோடு வெளியே நடங்கள். கடற்கரை பக்கம்தான் என்றார். முதல் நாள் பிடிக்காது. அடுத்த நாளும் போங்கள். டாக்டரிடமும் காட்டுங்கள்.

சாயங்காலம் கொழுந்து நிறுத்துவிட்டு மேலே நின்றால் ரோடு தெரியும். ஏறி வருகிற ஆட்களில் உங்கள் நடை இருக்கிறதா என்று பார்ப்பேன். லீவு இல்லை என்று தெரிந்தும் பார்ப்பேன். அங்கே இருக்கவே முடியவில்லை என்றால் வந்துவிடுங்கள். இருப்பதை வைத்து வீட்டை நான் பார்த்துக்கொள்வேன். எங்களுக்கு நீங்கள் வேண்டும்.

முருகன் உங்களுக்கு முன்னே நடக்கட்டும். ஒரு வரி போதும், சீக்கிரம் பதில் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் விஜயலெட்சுமி