காலிப் பாத்திரமும் கணக்கில் சேரும்

லுவாங் பிரபாங், லாவோஸ், ஜூன் 24

விடைத்தாள்களைத் திருத்தி முடித்தேன். ஒரே மாதிரியான மாம்பழங்களை வெவ்வேறு கூடைகளில் எத்தனை விதமாகப் போடலாம் என்று கேட்டிருந்தேன். ஒருவன் மட்டும் கூடையையும் பழத்தையும் அழகாக வரைந்து வைத்திருக்கிறான். பூஜ்யம் போட்டேன். என் மகன் டூய். டூய் என்றால் குண்டன். ஆளைப் பார்த்து வைத்த பெயர்.

சாயங்காலம் சொல்கிறான்: "லீவு முழுக்க உன்கிட்ட கணக்கு படிக்கிறதுக்குப் பதிலா, மொட்டை போட்டுக்கிட்டு புத்த மடத்துல சேர்ந்துடறேன்."

"தாராளமா போ. அங்க ராத்திரி சோறு கிடையாது, தெரியும்ல?"

ஒரு வாரம் தாங்கமாட்டான்.

ஜூலை 10

மொட்டை அடித்து, காவி கட்டியாயிற்று. இனி அவன் சாமி. பெற்ற பிள்ளையை விழுந்து கும்பிட்டேன். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

ஜூலை 12

விடியலில் தெருவோரம் மண்டியிட்டு, வரிசையாக வந்த பிக்குகளுக்குச் சோறு போட்டேன். மூத்தவர் முதலில், புதிதாகச் சேர்ந்தவன் கடைசியில். ஆகவே கணக்கு எளிது: முன்னால் போகிறவர்களுக்குக் கிள்ளிக் கொடு, கடைசிப் பாத்திரத்துக்குப் பெரிய உருண்டை. அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாதுதான் — ஆனாலும் கோபம் வந்தது.

பக்கத்தில் நூடுல்ஸ் கடை சன்சுக் அக்கா. "ஏன் டீச்சர், பெரிய சாமிக்குச் சுண்டைக்காய், கடைசிப் பயலுக்குத் தேங்காயா? நல்லாருக்கு உங்க புண்ணியம்."

தெருவே சிரித்தது.

ஜூலை 13

இன்று எல்லாருக்கும் ஒரே அளவு. யார் வாயிலும் விழவேண்டாம் பாருங்கள். மெகோங் ஏறிக் கரையோரத் தெரு மூழ்கியதால், அடுத்த மடத்து வரிசையும் டூயின் வரிசைக்கு முன்னதாக எங்கள் பக்கமே வந்துவிட்டது. அவர்களுக்கும் போட்டேன். போடாமல் இருக்க முடியுமா? டூய் வந்தபோது கூடையில் ஒரு பருக்கை இல்லை. ஒரு கணம் நின்றான். பாத்திரத்தை மூடிக்கொண்டு நடந்தான்.

அடுத்த வீட்டுக்காரர்கள் போட்டிருப்பார்கள். பெத்தவ போடலையே.

ஜூலை 14

சுடுசோறும் பொரித்த மீனும் எடுத்துக்கொண்டு மடத்துக்கு ஓடினேன். பெரிய சாமி சிரித்தார். "டீச்சரம்மா, உள்ள வந்ததும் எல்லாப் பாத்திரத்தையும் ஒரே தாம்பாளத்துல கொட்டிடுவோம். யார் போட்ட சோறு யாருக்குப் போச்சுன்னு எங்களுக்கே தெரியாது."

அப்படியானால் தேங்காயளவு போட்டேனே, அந்த உருண்டையைத் தின்றது யார்? இவராகத்தான் இருக்கும்.

டூய் தூரத்தில் வாசல் பெருக்கிக்கொண்டிருந்தான். கிட்டே வரவில்லை.

ஆகஸ்ட் 30

பள்ளி திறக்கப்போகிறது. புதுச் சீருடை தைத்து வைத்திருந்தேன். டூய் ஆள்விட்டுச் சொல்லியிருக்கிறான்: வீட்டுக்கு வரவில்லையாம், மடத்துப் பள்ளியிலேயே படிக்கிறானாம். தாளில் பூஜ்யம் போட்டதற்கா, பாத்திரத்தில் பூஜ்யம் போட்டதற்கா? சொல்லித் தொலைக்கலாம்ல, பாவி. சாமியைப் பாவி என்று எழுதியது வேறு பாவம்.

செப்டம்பர் 21

மடத்துப் பள்ளிக்குக் கணக்கு வாத்தியார் கிடைக்கவில்லை. சனிக்கிழமைகளில் நான் போகிறேன். கணக்குக்குப் பயந்து ஓடியவன் முன்வரிசையில். முதலில் நான் அவனைக் கும்பிட வேண்டும், பிறகு அவன் என் பாடத்தைக் கேட்க வேண்டும்.

இன்று தேர்வு. ஒரே மாதிரியான பத்து சோற்று உருண்டை, நான்கு பேர் பாத்திரம், எத்தனை விதமாகப் போடலாம்? ஏதாவது பாத்திரம் காலியாக இருந்தாலும் சரி என்பது இந்தக் கணக்கில் வழக்கம். விடை இருநூற்று எண்பத்தாறு.

டூய் எண்பத்து நான்கு என்று எழுதியிருந்தான். கீழே பொடி எழுத்தில்: 'முதலில் எல்லாப் பாத்திரத்திலும் ஒவ்வொன்று போட்டுவிட்டேன். மீதி ஆறைத்தான் பங்கிட்டேன்.'

அப்படி நான் கேட்கவே இல்லை. முழு மதிப்பெண் போட்டேன்.