எங்கும் கடிக்கவில்லை

ஜெலாப்பாங், ஈப்போ
10 மார்ச் 2024

அன்புள்ள சரளாவுக்கு,

இங்கு நலம். நீயும் நம் மகன் தீபனும் நலமாக இருப்பீர்கள். போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது, சொல்வதை எழுதி அனுப்புங்கள் என்று ஜொகூருக்கு பஸ் ஏறும்போது சொன்னாய். அதனால் எழுதுகிறேன்.

தொழிற்சாலையில் ஆள் குறைத்துவிட்டார்கள். இப்போது பாறையேற வருகிறவர்களுக்குக் கயிறும் தண்ணீரும் சுமந்துகொண்டு, சுண்ணாம்பு மலை அடிவாரம் வரை வழிகாட்டிப் போகிறேன். முதலில் காட்டுச் சேறு, அப்புறம் கூரான கல். பால்மரம் வெட்டுகிறவர்கள் போடும் கித்தா சப்பாத்துதான், அந்த முழு ரப்பர் சப்பாத்துதான் போடுகிறேன். சேற்றில் வழுக்காது. கல்லில் நடக்கத்தான் அடிப்பாகம் மெலிசு.

நீ மலைச் சப்பாத்துக் கடையில் இருக்கிறாய். எனக்கு எது சரி என்று நீயே பார்த்து அனுப்பு.

உன் அன்பு மறவாத,
சன்னாசி


ஜொகூர் பாரு
16 மார்ச் 2024

தீபன் அப்பாவுக்கு,

வேலை போனதைக்கூட சப்பாத்து கேட்கிற சாக்கில்தான் சொல்கிறீர்கள். காய்ச்சலில் உடம்பு கொதிக்கும், கேட்டால் "ஒன்னும் இல்லலா". உங்கள் அம்மா செத்த அன்றைக்கும் "ஒன்னும் இல்லலா". சுவரோடு குடித்தனம் நடத்த முடியாமல்தான் மகனிடம் வந்துவிட்டேன். இதை எத்தனை முறை சொன்னாலும் உங்களுக்கு ஏறப்போவதில்லை.

சரி, சப்பாத்துக்கு வருகிறேன். கணுக்காலை மூடும் பூட்ஸ் வேண்டாம், கனம். பாறை வரை நடக்கிறவர்களுக்கென்றே தாழ்வான சப்பாத்து இருக்கிறது. நுனியில் கல்லோடு ஒட்டும் வழவழப்பான ரப்பர், மற்ற இடத்தில் சேற்றுக்குப் பல். சாயங்காலம் கால் கொஞ்சம் உப்பியிருக்கும்போது, காலுறையோடு தாள்மேல் நின்று சுற்றிக் கோடு போட்டு அனுப்புங்கள்.

மலை இறங்கும்போது விரல் முன்னால் இடிக்கக் கூடாது. நுனியில் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். கடைக்கு வருகிறவர்களுக்கு நான் குனிந்து அழுத்திப் பார்ப்பேன். உங்களுக்கு அங்கே யார் பார்ப்பது? போட்டு நடந்துவிட்டு, எங்கே கடிக்கிறது என்று மறைக்காமல் எழுதுங்கள். கடித்தால் மாற்றி அனுப்புகிறேன்.

சர்க்கரை ஏறாமல் இருக்க இனிப்பு நீர் மாத்திரை போடுகிறீர்களா?

சரளா


ஜெலாப்பாங்
31 மார்ச் 2024

அன்புள்ள சரளாவுக்கு,

நான் அனுப்பிய கோட்டைப் பார்த்து நீ எடுத்த சப்பாத்து வந்து சேர்ந்தது. ஒரு வாரமாக அதைத்தான் போட்டு மலைக்குப் போகிறேன். கல்லில் பல்லி மாதிரி ஒட்டுகிறது. மாட்டும்போது கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது, புதுசு அப்படித்தான். மற்றபடி எங்கும் கடிக்கவில்லை. காலில் சப்பாத்து இருப்பதே தெரியவில்லை.

பாறையேற வந்த சீனர் ஒருவர் எங்கே வாங்கினாய் என்று கேட்டார். என் மனைவி பார்த்து எடுத்தது என்றேன். அதைச் சொல்ல எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

மாத்திரை பற்றிக் கேட்டாய். நன்றாகத்தான் இருக்கிறேன், ஒன்றும் இல்லை.

உன்,
சன்னாசி


ஜொகூர் பாரு
5 ஏப்ரல் 2024

தீபன் அப்பா,

இதைப் படிக்கும்போது அந்தச் சப்பாத்து காலில் இருந்தால் முதலில் கழற்றுங்கள்.

இன்று ஒரு பெண் பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்தாள். "அக்கா, இது சம்பான் படகு மாதிரி இருக்குலா" என்று சிரித்தாள். திறந்து பார்த்தால் உங்களுக்கு எடுத்துவைத்த ஒன்பதாம் நம்பர். அவளுடைய ஏழாம் நம்பர் உங்களுக்கு வந்திருக்கிறது. பெட்டியை மாற்றிக் கட்டியது நான்தான். என் கையை உடைத்துப் போட வேண்டும்.

ஏழாம் நம்பர் உங்கள் காலைக் கடிக்காமல் இருக்காது. ஒன்று, வழக்கம்போல மறைக்கிறீர்கள். இல்லையென்றால் உங்கள் காலுக்கு உணர்ச்சியே இல்லை. நீங்கள் பொய் சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றைக்குத்தான் முதன்முதலாகச் சாமியிடம் வேண்டிக்கொள்கிறேன்.

சண்டை வந்தால் வரட்டும் என்று போன் அடித்துக்கொண்டே இருக்கிறேன், நீங்கள் எடுக்கவில்லை. நோன்புப் பெருநாள் கூட்டம், ஈப்போ பஸ்ஸில் இடமே இல்லை. தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வருகிற தீபனுக்கும் அங்கே லீவு கொடுக்கவில்லை. தரையில் கண்ணாடியை வைத்து உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் பாருங்கள். சின்னப் புண் இருந்தாலும் கிளினிக்குக்குப் போங்கள். இங்கே உட்கார்ந்துகொண்டு என்ன செய்வதென்றே எனக்குத் தெரியவில்லை.

சரளா


ஈப்போ ஆஸ்பத்திரி
10 ஏப்ரல் 2024

அன்புள்ள சரளாவுக்கு,

உன் கடிதத்தைப் பக்கத்து வீட்டு அப்பாவு அண்ணன் இங்கே கொண்டுவந்து கொடுத்தார். மலையிலேயே காய்ச்சலில் விழுந்துவிட்டேன், போன் அங்கேயே எங்கேயோ கிடக்கிறது. உனக்குச் சொல்ல வேண்டாம், நானே எழுதுகிறேன் என்று அண்ணனிடம் கேட்டுக்கொண்டேன்.

பெட்டி மாறியதற்காக உன்னையே திட்டிக்கொள்ளாதே. கால் மரத்துப்போய் ரொம்ப நாளாயிற்று என்கிறார் டாக்டர். எனக்கும் அது தெரியும். மாத்திரையை நிறுத்தியதும் நான்தான். ஆனால் கடிக்கவில்லை என்று எழுதினேனே, அது மட்டும் பொய் இல்லை.

புதுச் சப்பாத்துக்கு அளவு வைத்திருக்கிறேன். நிற்க விடவில்லை, படுத்தபடியே நர்ஸ் கோடு போட்டுக் கொடுத்தாள். இடது கால் பழையபடிதான். வலது காலைக் கட்டோடு சேர்த்து வரைந்திருக்கிறாள். பெருவிரல் இருந்த இடத்தில் கோடு உள்ளே போகும். அவள் தப்பாக வரைந்துவிட்டாள் என்று நினைக்காதே.

வலிக்கிறதா என்று அவள் கேட்டபோது வழக்கம்போலத்தான் சொன்னேன். உனக்கு மட்டும் எழுதுகிறேன். எடுத்துப்போட்ட அந்த விரல்தான், சப்பாத்துக்குள் மாட்டிக்கொண்ட மாதிரி கடிக்கிறது.

வலிக்கிறது, சரளா.

சன்னாசி