ஐந்தாவது காப்பி

புரட்டாசி 22, திங்கள்
விடிந்ததிலிருந்து மழை. செருப்பு அறுந்தது. தஞ்சாவூரில் தைப்பவன் வரவில்லை.

நெல் உலர்த்தும் மெஷினுக்கு நாங்கள் எழுதும் புரோகிராமில் ஓட்டை. சூடு பார்க்கும் சென்சார் ஒயர் கழன்றால் பூஜ்யம் காட்டுகிறது. குளிர்ந்து கிடக்கிறது என்று மெஷின் இன்னும் எரிக்கிறது. திருத்த நாலே வரி. ஆனால் ஐந்து மாடல், ஐந்து ஃபைல். எனக்கு முன் இங்கே இருந்த செந்தில் ஒன்றை ஐந்தாகக் காப்பி அடித்து, ஒவ்வொன்றிலும் பெயர்களை மாற்றி வைத்துவிட்டு சிங்கப்பூர் போய்விட்டான். மகராசன்.

ஆடியிலேயே சி++ டெம்ப்ளேட்டாக எழுதிக் காட்டினேன். அச்சு ஒன்று, மாடலைச் சொன்னால் கம்பைலரே ஐந்தையும் வார்த்துத் தரும். அடுப்பை அணைக்கும் துண்டு தனி மிக்ஸின், எல்லாவற்றிலும் கலந்துகொள்ளலாம். முதலாளி பார்க்கக்கூட இல்லை. "ஓடுறதுல ஏம்மா கை வைக்கிற?"

புரட்டாசி 24, புதன். ஆயுத பூஜை
வாங்க: பொரி, பூசணிக்காய், எலுமிச்சை 6.

மூன்று நாளில் நாலு ஃபைல் முடிந்தது. ஐந்தாவது திருத்துவதற்குள் அதன் பழைய சிப்பைப் பூஜையில் வைத்துவிட்டார்கள். சந்தனம், குங்குமம் வேறு.

"சார், அது பழைய புரோகிராம்."

"சாமிக்கு வச்சத அழிக்கக் கூடாதும்மா. ஒயர் என்ன தினமுமா கழலுது?"

பற்றிக்கொண்டு வந்தது. பொரி தின்றேன்.

புரட்டாசி 26, வெள்ளி
பொட்டோடு அந்த சிப் திருத்துறைப்பூண்டி மில்லுக்குப் போய் மாட்டியாகிவிட்டது. அங்கிருந்து அண்ணன் போன். "தாளடிக்கு வச்ச விதைநெல்லு நனைஞ்சுபோச்சு. மில்லுல உங்க மெஷினாம்ல? போடலாமாம்மா?"

எதிரில் முதலாளி. "போடுங்கண்ணே" என்றேன். ஏன் சொன்னேன்?

புரட்டாசி 28, ஞாயிறு
எலி ஒயரைக் கடித்துவிட்டதாம். மில்காரர் அண்ணனிடம், "கொஞ்சம் சூடு கூடிப்போச்சு, நெல்லு நல்லாத்தான் இருக்குங்க." பார்க்க நன்றாகத்தான் இருக்கும். உள்ளே உயிர் இருக்கிறதா என்று யார் பார்த்தது? அண்ணன் ஊறப்போட்டிருக்கிறார். மழை விடவில்லை.

ஐப்பசி 1, புதன்
அண்ணன் முளைகட்டி வைத்த சாக்கைப் பிரித்தாராம். ஒரு நெல்கூட முளைக்கவில்லை. என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஐப்பசி 2, வியாழன்
முதலாளி காலையிலேயே வந்து நின்றார். "அந்த டெம்ப்ளேட்டப் போட்டுடும்மா." இப்போது சொல்கிறார்! டம்ளரை மேஜையில் ஓங்கி வைத்தேன். டீ சிந்தியது. திரும்பிப் போனார்.

விதை தேடி தஞ்சாவூர் வந்த அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நாலு வரி, ஒரே இடத்தில். ஐந்து மாடலும் வந்து விழுந்தன.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுண்ணே."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பதினோரு நிமிடம் ஆகியிருந்தது. பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.