தங்கச்சி பேரில் ஒரு கம்பியூட்டர்

காத்தான்குடி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் அஸ்கருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே உம்மா, இனாயா, நான் மூவரும் சுகம். உன் சுகத்தைக் கேட்டால் நீ வழக்கம்போல "நல்லம் சாச்சா" என்று மட்டும் சொல்வாய், அதனால் உன்னிடம் கேட்கவில்லை, ஜிப்ரியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். தோஹாவில் உன்னோடு ஒரே அறையில் இருக்கிறவன் லீவில் வந்தால் கூப்பிட்டுச் சோறு போட்டு விசாரிக்காமல் விடுவோமா. இதையெல்லாம் போனில் பேசலாம்தான், ஆனால் நான் எடுத்தால் இரண்டாவது நிமிடம் உம்மா பறித்துக்கொள்ளுவா, வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பினால் நீ கேட்டுவிட்டு ஒரு கட்டைவிரலைத் திருப்பி அனுப்புவாய். ஆகவே எழுதி ஜிப்ரியின் கையில் கொடுத்துவிடுகிறேன். அவன் வழியில் பிரித்துப் படித்தாலும் பரவாயில்லை, பாதி அவன் சொன்ன கதைதான்.

சுற்றி வளைக்க எனக்கு வராது, நேரே விசயத்துக்கு வருகிறேன். நீ அனுப்பிய சாமான் விபரம் கிடைத்தது. "இனாயாட படிப்புக்கு ஒரு கம்பியூட்டர் சாச்சா, நான் இஞ்ச வாங்கி வாற ஆக்கள்ட குடுத்து அனுப்புறன், நீங்க எல்லாத்தையும் சேத்துப் பூட்டிக் குடுங்க" என்று சொல்லியிருந்தாய். கம்பியூட்டர் திருத்தும் நம் கடையில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கம்சாயினி, ஆரையம்பதியிலிருந்து வந்து என்னோடு வேலை செய்கிற பிள்ளை, உனக்குத் தெரியும், என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணன், இது ஹோம்வேர்க் செய்யிற கம்பியூட்டர் இல்ல, ஹோம்வேர்க்கக் கொழுத்திப்போட்டுக் குளிர்காயிற கம்பியூட்டர்" என்று சிரித்தாள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு எதற்கு மகன் அந்தக் கிராஃபிக்ஸ் கார்ட்? வரலாற்றுப் பாடத்தை வேகமாக ஓட்டிப் பார்க்கவா? கேம் விளையாடுவதற்கான கம்பியூட்டரைத் தங்கச்சியின் பேரில் வாங்கி ஊருக்கு அனுப்பிவிட்டு, இரண்டு வருடத்துக்கு ஒரு முறை லீவில் வரும்போது அதில் தொட்டுப் பார்க்கலாமென்று நினைத்திருக்கிறாய். இதில் இன்னொரு கோளாறு, உம்மா விலை கேட்டால் குறைத்துச் சொல்ல வேண்டுமென்று கண்ணுக்குத் தெரியாத சாமானிலெல்லாம் குறைத்திருக்கிறாய். பவர் சப்ளை பெயர் தெரியாத ஏதோ ஒன்று, ரெம் ஒற்றைக் குச்சி, காற்றே போகாத கேசிங். அந்தப் பவர் சப்ளை இங்கே நம்முடைய கரண்டுக்கு ஒரு மழைக்காலம் தாங்காது, போகும்போது கார்டையும் கூட்டிக்கொண்டு போகும். பொய்யும் ஒழுங்காகச் சொல்லவில்லை, கம்பியூட்டரும் ஒழுங்காகத் தெரிவு செய்யவில்லை. இதை நான் உன்னிடம் போனில் சொல்லித் திட்டுவதாகத்தான் இருந்தேன், அதற்குள் ஜிப்ரி வந்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து அவனைக் கூட்டிவந்தேன், உம்மாவின் கூடப்பிறந்த நானா அசனார் மாமாவும் வந்திருந்தார், உம்மா மீன் ஆணம் ஊற்றிக்கொண்டிருந்தா. நான் சும்மா கேட்டேன், இவன் அங்கே கேம் விளையாடுகிறானா என்று. ஜிப்ரி சொன்னான்: "அவன் எங்க நானா விளையாடுற. பக்கத்து ரூம்ல ஒரு மலையாளப் பொடியன் கேம் அடிக்கான், இவன் வேலையால வந்து குளிச்சிட்டு அவண்ட கதிரைக்குப் பின்னால போய் நிண்டு பாக்கான். இரிடா எண்டா இரிக்கான் இல்ல. அவன் மௌஸத் தந்தா, வேணாம் பழகிரும் எண்டு கையப் பின்னால கட்டிக்கிறான்." அவன் பகிடியாகத்தான் சொன்னான், சொல்லிவிட்டுத் தானே சிரித்தான், வேறு ஒருவரும் சிரிக்கவில்லை. உம்மா கரண்டியைச் சட்டிக்குள் வைத்துவிட்டு ஜிப்ரியின் பக்கம் திரும்பினா. பிறகு, "ஏன் பழகினா என்ன?" என்று கேட்டா. அதற்குப் பதில் சொன்னவர் அசனார் மாமா. அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "பழகப்படாதுதானே புள்ள. குமரொண்டு வளருது, வீடு இன்னும் ஜன்னல் மட்டத்துல நிக்குது. வீடில்லாத குமர ஆரு கா வந்து பாப்பான்? அவன் அறிவான பொடியன், தங்கச்சிர வீட்ட முடிச்சிட்டுத்தான் மத்ததெல்லாம் எண்டு இரிக்கான். ஊரே அவனத்தான் உதாரணம் காட்டுது" என்றார். அடுப்படியிலிருந்து இனாயா, "மாமா, நான் ஓலெவலே எழுதல்ல, அதுக்குள்ள எனக்கு ரெண்டு ரூமும் ஒரு ஹோலுமா?" என்று கத்தினாள். "பொம்புளப் புள்ளைக்கு வாயப் பாரு" என்றார் மாமா. அவர் கெட்ட மனிதர் இல்லை, நம்முடைய ஊரில் எல்லாரும் அப்படித்தான், பெண்பிள்ளைக்கு வீடு கட்டி வைக்க வேண்டும், அதற்கு ஆண்பிள்ளை கடல் கடந்து போக வேண்டும், அவன் அங்கே சிரித்தானா தின்றானா என்பதை வீட்டுக்கு ஓடு போட்ட பிறகு கேட்கலாம்.

எனக்குப் பொறுமை இல்லை என்று உனக்குத் தெரியும். நான் சொன்னேன், மாமா, வாப்பா மௌத்தாகி இல்லாத வீட்டில்தான் தங்கச்சிக்கு வீடு கட்டுகிற பாரம் நானாவின் தலையில் விழும், உம்மாவை நிக்காஹ் செய்த நாளிலிருந்து இந்த வீட்டில் வாப்பாவின் இடத்தில் நான் இருக்கிறேன், அந்தப் பாரம் என்னுடையது என்று. அவர் கையை உதறிவிட்டு, "நீ இடையில வந்தவன் றிஸ்லான், மருமகன் அனுப்புறான், உனக்கென்ன வயிறெரியுது?" என்று கேட்டுவிட்டார். நான் வாயைத் திறக்குமுன் உம்மா சொன்னா: "ஓம் நானா, இவரு இடையில வந்தவருதான். ஆனா வந்த நாளையில இருந்து இஞ்சதான் இரிக்காரு. நீங்கதான் சாப்பாட்டு நேரம் பாத்து வந்து போறீங்க." ஜிப்ரி பாவம், மீன் தலை அவனுக்கு இறங்கவில்லை. மாமா கோபித்துக்கொண்டு போகவில்லை, இன்னொரு கரண்டி ஆணம் கேட்டார், அவருடைய குணம் அது. ஆனால் சாப்பிட்டு எழும்பும்போது என்னிடம், "அப்ப எப்ப முடிப்ப?" என்று கேட்டார். முடிக்கிறபோது முடிப்பேன் என்றேன். இனாயா வளர்ந்து படித்து, தனக்கு என்ன வேண்டும் என்று தானே சொல்கிற வயது வரட்டும், அதற்குள் முடியும்.

மகன், இதை நீ யோசிக்க வேண்டும். பத்தொன்பது வயதில் விமானம் ஏறிய நீ இந்த வீட்டை உன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாய், ஒருவரும் வைக்கச் சொல்லவில்லை, வைத்த பிறகு ஒருவரும் இறக்கச் சொல்லவும் இல்லை. ஆசைப்படுவது குற்றம் என்று நீ நினைப்பதால்தான் ஆசைக்குத் தங்கச்சியின் பேரைப் போட்டாய். கணக்காகப் பார்த்தாலும் அது பிழை. கொடுத்த காசுக்குப் பெறுமதி என்றால் என்ன, மலிவாக வாங்குவது மட்டுமா? என் கடைக்கு வருகிற சாமானில் பாதி மலிவாக வாங்கிப் பாவிக்காமல் வைத்தவை. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி, நடுவில் நாம், உப்புக்காற்று எந்தப் பொலித்தீனுக்குள்ளும் போகும், வாவிப் பக்கத்து வீடுகளிலிருந்து வருகிற மதர்போட்டைக் கழற்றினால் செம்பெல்லாம் களிம்பு பிடித்துப் பச்சையாக இருக்கும். நீ அனுப்பும் கம்பியூட்டர் உன் லீவுக்காக இங்கே காத்திருந்து காத்திருந்து உத்தரவாதம் முடிந்து களிம்பு பிடிக்கும், அதற்கு நீ என்ன விலை கொடுத்தாலும் விலை கூடினதுதான். அதே கம்பியூட்டர் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து, வேலை முடிந்து வந்து ஒவ்வொரு நாளும் கொஞ்ச நேரம் நீ சிரித்தால் அதைவிட மலிவு ஒன்றுமில்லை. நான் படித்த படிப்பில் சொல்லக்கூடிய உபதேசம் இவ்வளவுதான்.

ஆகவே அங்கேயே வாங்கி அங்கேயே பூட்டு. எட்டுக் கோர் புரொசசரை விடு, ஆறு கோர் போதும், அதுவும் போன தலைமுறையுடையது, புதியது வந்தவுடன் பழையதன் விலை விழும், கேமுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. மிச்சம் பிடிக்கிறதைக் கார்டில் போடு, கேமில் கார்ட்தான் உழைக்கிறது. கார்டைப் பாவித்ததாக வாங்கு, அங்கே வேலை முடிந்து நாட்டுக்குத் திரும்புகிறவர்கள் நல்ல சாமானை விட்டெறிந்துவிட்டுப் போவார்கள், ஆனால் படத்தைப் பார்த்துக் காசு கொடுக்காதே, விற்கிறவனுடைய இடத்துக்குப் போய் அவனுடைய மெசினிலேயே பாரமான கேம் ஒன்றைப் போட்டு ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம் ஓட விடு, சூடு எவ்வளவு ஏறுகிறது என்று பார், ஃபேன் கிறீச்சிடுகிறதா என்று காது கொடு. ஓட்டிக் காட்ட மாட்டேன் என்றால் ஸலாம் சொல்லிவிட்டு வந்துவிடு. ரெம் ஒன்றாக வாங்காமல் பாதிப் பாதியாக இரண்டு வாங்கு, ஒரே அளவுதான், இரண்டு வழியாகப் போனால் வேகம் கூடும். கேசிங் முன்பக்கம் வலை போட்டதாக இருக்கட்டும், கண்ணாடியும் கலர் விளக்கும் வேண்டாம், விளக்கு எரிந்தால் கேம் வேகமாக ஓடாது, பாலைவனத் தூசிக்கு மாதம் ஒருமுறை திறந்து தூரிகையால் தட்டு. மொனிட்டர் இருபத்துநாலு அங்குலம், சாதாரண முழு எச்டி போதும், அதற்கு மேல் போனால் திரையின் பசிக்குக் கார்ட் காணாது. எல்லாரும் மொனிட்டரைக் கடைசியில்தான் நினைப்பார்கள், நீ முதலிலேயே ஒதுக்கிவை.

பவர் சப்ளை நீ வாங்க வேண்டாம். நல்லதொன்றை வாங்கி ஜிப்ரியிடம் கொடுத்திருக்கிறேன். அங்கே இதைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்கும், எனக்கும் தெரியும், ஆனால் நீ அந்தச் சாமானுக்கு வந்ததும் மறுபடி குறைத்துவிடுவாய், அதுவும் தெரியும். உம்மா அதைப் பெட்டியோடு எடுத்து எலுமிச்சை ஊறுகாய்ப் போத்தலுக்கும் கருவாட்டுக்கும் நடுவில் "அசையாம இரிக்கும்" என்று சொருகிவிட்டா, நான் சத்தம் போட்டு வெளியே எடுத்தேன், "கரண்டுச் சாமானுக்குக் கருவாடு என்ன செய்யும்?" என்று என்னோடு வாதாடினா, கடைசியில் ஜிப்ரியின் கைப்பைக்குள் போனது. போத்தலில் எண்ணெய் கசிகிறதா என்று பார்த்துக் கட்டச் சொன்னேன், அதையும் நான்தான் கட்டினேன். இந்தச் சாமானுக்குக் காசு அனுப்பினால் எனக்குக் கோபம் வரும்.

வீட்டு வேலையைப் பற்றி மேசனோடு பேசிவிட்டேன். சுவர் இருக்கிற மட்டத்தில் கொஞ்சநாள் நிற்கும், மேலே சீமெந்து பூசித் தண்ணீர் இறங்காமல் மூடச் சொல்லியிருக்கிறேன், அதனால் ஒரு கெடுதியும் வராது. பாடசாலைகளில் கம்பியூட்டர் திருத்துகிற வேலை ஒன்று எனக்குக் கிடைத்திருக்கிறது, அது தொடங்கினால் நானே கல் எடுப்பேன். உம்மாவின் மாதச் செலவுக்கு நீ ஏதாவது தந்தால் அவ வாங்கிக்கொள்ளுவா, அது மகன் உம்மாவுக்குக் கொடுப்பது, அதற்குள் நான் வரமாட்டேன். வீட்டுக்கென்று வந்தால் வந்த வழியே திருப்பி அனுப்புவேன். உம்மாவும் இதற்குச் சம்மதம்தான். ஆனால் அவவுக்கு ஒரு மனத்தாங்கல் இருக்கிறது, "விளையாட ஆசையெண்டு எனக்கிட்ட ஒரு சொல்லுச் சொல்லல்லயே என்ட புள்ள" என்று இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறா. அதை நீதான் பேசித் தீர்க்க வேண்டும், நல்லம் என்ற ஒற்றைச் சொல்லால் தீராது. இனாயா தன் படிப்புக்குக் கடையிலுள்ள பழைய மடிக்கணினி போதும் என்கிறாள், அதற்கு எஸ்எஸ்டி ஒன்று போட்டுக் கொடுத்துவிட்டேன், பறக்கிறது. நீ பூட்டி முடித்தால் வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் இருவரும் கடையிலிருந்து உன்னோடு சேர்ந்து விளையாட வருவதாக இருக்கிறோம். எனக்கு எந்தக் கேமும் தெரியாது, பொறுமையும் கிடையாது, முதல் நிமிடத்திலேயே சாவேன், திட்டாமல் சொல்லித்தா.

நேரத்துக்குச் சாப்பிடு, இரவுச் சாப்பாட்டை விடுவதாகவும் ஜிப்ரி சொன்னான், அதை உம்மாவுக்கு நான் சொல்லவில்லை, சொல்ல வைக்காதே. பூட்டும்போது மெசினைத் தொடுமுன் இரும்புக் கட்டிலைத் தொட்டுக்கொள், அந்த ஏசிக் குளிரில் கையில் மின்சாரம் இருக்கும். இந்த மாதச் சம்பளம் வந்ததும் முதலில் கார்டைப் பார், பிறகு மற்றது. அல்லாஹ் உன் உடம்புக்கு ஆரோக்கியத்தையும் உழைப்பில் பறக்கத்தையும் விருத்தியையும் தரட்டும், நாள் முடிகிறபோது உனக்கென்று ஒரு மணித்தியாலத்தையும் தரட்டும், அதைக் கேட்டு வாங்குவதில் வெட்கமே இல்லை.

உன் நலம் நாடும்
சாச்சா,
றிஸ்லான்.