நான்காம் அத்தியாயம்

மாமா,

நேற்று போனில் நீங்கள் கத்தியதற்குப் பதிலை இப்போது எழுதுகிறேன்.

பல்கலைக்கழகத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. எண்ணூர் கழிமுகத்தில் கலக்கும் அனல்மின் நிலையச் சாம்பல் எந்தக் குழாயிலிருந்து வருகிறது என்று உங்கள் மகள் பவானி தன் ஆய்வேட்டில் எழுதிய நான்காம் அத்தியாயத்தை எடுத்துவிட நான் சம்மதித்தால், அவள் பெயருக்கு முனைவர் பட்டம் தருவார்களாம். "அது மட்டும் வேணாம் தம்பி, மேலிடத்துல ஒத்துக்க மாட்டாங்க," என்றார் துறைத்தலைவர்.

நீங்கள் அதற்குள் முதலாண்டு நினைவு பேனரில் ‘டாக்டர் பவானி’ என்று அடித்து முச்சந்தியில் கட்டிவிட்டீர்கள். "செத்துப் பூட்டவளுக்கு இன்னா நைனா அத்தியாயம்? பட்டத்த வாங்கிகினு வா," என்கிறீர்கள். அந்த ‘டாக்டர்’ என்ற சொல்லின்மேல் வெள்ளைத்தாள் ஒட்டிவிடுங்கள், மாமா.

தண்ணீர் வற்றும் நேரம் பார்த்து உங்கள் படகில் போய்த்தான் அவள் மாதிரி எடுத்தாள். மீன் வைக்கும் ஐஸ் பெட்டியில் பாட்டில்களை அடுக்கி, "கலீஜ் தண்ணிக்கு வந்த மவுசப் பாரு," என்று சிரித்தவர் நீங்கள். அளக்கும் கருவியைச் சரிபார்த்தவன் நான். ஓர் எண்கூடத் தவறில்லை.

அவள் கையெழுத்தில் லேபிள் ஒட்டிய ஒரு பாட்டிலை இன்னும் நான் கழுவவில்லை.

அந்த அத்தியாயத்தை வாசிக்க மாணவர்கள் பல்கலைக்கழகத்தில் ஓர் அறை கேட்டார்கள். நிர்வாகம் மறுத்துவிட்டது. சனிக்கிழமை மீன் ஏலம் முடிந்ததும் நம் குப்பத்து ஏலக்கூடத்துக்கு அவர்களை வரச் சொல்லிவிட்டேன். முழுவதையும் நானே சத்தமாகப் படிக்கிறேன். இந்தத் தண்ணீரை எங்கே எடுத்தீர்கள் என்று யாராவது கேட்டால், நீங்கள்தான் எழுந்து சொல்ல வேண்டும்.

உங்கள் மருமகன்