ராசாத்தியின் வயிற்றில் குட்டி இல்லை

என் ராசாவே, நான்தான். போன கடிதத்துக்குப் பிறகு நாலு மாதம் கழித்து எழுதுகிறேன், கோபத்தில் எழுதுகிறேன்.

உங்கள் ராசாத்தி செத்துப்போனாள். கருத்தடை செய்துவிடலாம் என்று நான் கேட்டபோதெல்லாம், "பாவம்டி, ஒரு தடவயாவது தாயாகட்டும்" என்று தடுத்தீர்களே, அந்த நாய்தான்.

போன மாதம் அவள் வயிறு பெருத்தது. உங்கள் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. "மருமக வயித்துல தங்காதது நாய் வயித்துலயாவது தங்குச்சே" என்று பண்ணைக்காடு ஊர் முழுக்கச் சொன்னார். தினமும் முட்டை, பால். ராசாத்தி எதையும் தொடவில்லை, தண்ணீரைத்தான் குடித்துக்கொண்டே இருந்தாள். ஸ்கேன் எடுப்போம் என்றேன். "புள்ளத்தாச்சிக்கு மெசினு வச்சா கலங்கிரும்டி, ஒஞ் சோலியப் பாரு" என்று அடக்கிவிட்டார். நானும் பத்து நாள் அடங்கிக் கிடந்தேன். அது என் தப்பு.

அவளால் நிற்க முடியாமல் போனபிறகுதான் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கொடைக்கானலுக்கு ஓடினேன். டாக்டரம்மா வயிற்று முடியை மழித்து, பசை தடவி, கருவியை வைத்தார். அந்தப் பசையின் சில்லிப்பு எனக்குத் தெரியாதா? எத்தனை தடவை படுத்திருக்கிறேன்! அவருக்கு முன்னால் நான்தான் திரையில் துடிப்பைத் தேடினேன். கருப்புக் கருப்பாகக் குழாய்கள் உப்பிக் கிடந்தன.

"குட்டி இல்லம்மா. கர்ப்பப்பை பூராம் சீழ். கருத்தடை பண்ணிருந்தா இது வந்திருக்காது. வெள்ளனே வந்திருந்தாலாவது காப்பாத்தியிருக்கலாம்."

ஆபரேஷன் மேசையிலேயே போய்விட்டாள்.

வீட்டு வாசலில் உங்கள் அம்மா, "எத்தன குட்டி?" என்றார். ஒன்றுமில்லை என்றேன். "நீ தொட்டு வளத்ததுல்ல, அதான் வெளங்கல" என்றார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. குறை உங்களிடம்தான் என்று மதுரை டாக்டர் சொன்னதையும், அந்தச் சீட்டை நீங்கள் பஸ் ஸ்டாண்டிலேயே கிழித்துப் போட்டதையும் கொட்டிவிட்டேன். வெளியே சொல்லமாட்டேன் என்று உங்கள் தலைமேல் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கினீர்கள். மீறினால் உங்கள் உயிருக்கு ஆகாது என்று பயந்தே பன்னிரண்டு வருடம் மலடிப் பட்டத்தைச் சுமந்தேன். இனி எதற்குப் பயம்?

"செத்தவன் மேல பழி போடுறியே, நீ நல்லாருப்பியா?" என்றார். நம்பவில்லை. எதைக் காட்டி நான் நம்பவைப்பேன், சொல்லுங்கள்? பாசமும் இருக்கிறது உங்கள்மேல், ஆத்திரமும் இருக்கிறது. இன்றைக்கு ஆத்திரம்தான் அதிகம்.

வரும் திவசத்துக்கு உங்களுக்குப் பிடித்ததெல்லாம் சமைப்பேன். சொந்தபந்தம் எல்லாம் இலைமுன் உட்கார்ந்ததும், ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து மறுபடியும் சொல்வேன். வருடாவருடம் சொல்வேன். இது நானாகச் செய்யும் சத்தியம்.

குறையில்லாத,
உங்கள் பெண்டாட்டி